நியூசிலாந்தில் உதவித்தொகையில் வாழ்வோர் மருத்துவச் செலவுக்கு உதவி பெறுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

நியூசிலாந்தின் அரசு மருத்துவமனையில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் குடியிருப்பாளர் அதற்காக ஒரு டாலர்கூடச் செலுத்த வேண்டியதில்லை. அதே மனிதர் விடாத இருமலுக்காகத் தெருமுனையிலுள்ள குடும்ப மருத்துவரிடம் போனால், வரவேற்பு மேசையில் கட்டணம் கேட்பார்கள். அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் சீட்டு வாங்கி இலவசமாக மருத்துவரைப் பார்த்துப் பழகிய தமிழர்களுக்கு, அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும் மதுரையிலிருந்து வந்தாலும், இந்த முரண் எளிதில் பிடிபடுவதில்லை.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. மைக்கேல் ஜோசப் சாவேஜின் தொழிற்கட்சி அரசு 1938-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் குடும்ப மருத்துவத்தையும் சேர்த்து முழுவதும் இலவசமாக்க முயன்றபோது, மருத்துவர்களின் சங்கம் அதை ஏற்க மறுத்தது. ஒவ்வொரு வருகைக்கும் அரசு 7 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுக்கும், அதற்கு மேல் நோயாளியிடம் வாங்கும் உரிமை மருத்துவருக்கே இருக்கும் என்று 1941-இல் ஒரு சமரசம் ஏற்பட்டது. அன்று விட்டுக்கொடுத்த அந்த மேல்தொகையைத்தான் இன்றும் நாம் மேசையில் செலுத்துகிறோம். அதைச் செலுத்த இயலாதவர்களுக்காகப் பிற்பாடு ஒவ்வொன்றாக உதவிகள் சேர்ந்தன. ஒரே திட்டமாக அல்லாமல், வெவ்வேறு அலுவலகங்களின் வெவ்வேறு இழுப்பறைகளில் சேர்ந்தன. ஓர் இழுப்பறையைத் திறந்து கொடுப்பவர் அடுத்ததைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே எதை முதலில் கேட்பது, எதை அடுத்துக் கேட்பது என்ற வரிசை முக்கியமானது.

ஜாப்சீக்கர் சப்போர்ட் (வேலை தேடுவோருக்கு), சோல் பேரன்ட் சப்போர்ட் (தனியாகப் பிள்ளை வளர்ப்போருக்கு), சப்போர்ட்டட் லிவிங் பேமென்ட் (நெடுநாள் நோயாலோ ஊனத்தாலோ வேலை செய்ய இயலாதோருக்கு) போன்ற உதவித்தொகைகளைப் பெறுவோரை முதன்மையாக மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. குறைந்த வருமானத்தில் வேலை செய்வோருக்கும், பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் குடியுரிமையோ வதிவிட உரிமையோ பெற்ற பெற்றோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதற்படி: ஒரு மருத்துவ நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்

ஊரில் யாரிடமும் பதியாமல் எந்த மருத்துவரிடமும் போகலாம். இங்கும் போகலாம், ஆனால் பதியாமல் போகிறவர் ‘கேஷுவல்’ நோயாளியாகக் கருதப்படுவார், அவருக்கான கட்டணம் பதிந்தவருடையதைப் போலப் பல மடங்கு இருக்கலாம். அரசு ஒவ்வொரு நிலையத்துக்கும் அங்கு பதிந்துள்ளவர்களின் தலைக்கணக்கின்படி பணம் கொடுப்பதே இதற்குக் காரணம். நீங்கள் எங்கும் பதியவில்லையென்றால் உங்கள் பெயரில் எந்த நிலையத்துக்கும் அரசுப் பணம் போகவில்லை என்று பொருள். பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. கடவுச்சீட்டையும் விசா விவரத்தையும் கொண்டுபோய், பதிவுப் படிவத்தில் கையெழுத்திட்டால் போதும்.

பதியும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். புதிய நோயாளிகளைச் சேர்க்கிறார்களா என்பது முதற்கேள்வி. பல நிலையங்கள் இடமில்லை என்று கதவை மூடிவைத்திருக்கின்றன, அப்போது காத்திருப்புப் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு அடுத்த நிலையத்தை விசாரிப்பது நல்லது. குறைந்த வருமானமுள்ளோருக்கான சலுகை அட்டையாகிய கம்யூனிட்டி சர்வீசஸ் அட்டை உள்ளவர்களுக்கு என்ன கட்டணம் என்பது இரண்டாவது. அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதிந்த எல்லோருக்கும் குறைந்த கட்டணமே வாங்குவதற்கு அரசோடு உடன்பட்ட நிலையங்களும் உண்டு. ஹெல்த்பாயின்ட் இணையதளத்தில் ஒவ்வொரு நிலையத்தின் கட்டண விவரத்தையும் பார்க்கலாம்.

வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் புதிய இடத்தில் மீண்டும் பதிய வேண்டும். ஆண்டுக்கணக்கில் மருத்துவர் பக்கமே போகாதவர்களின் பதிவு காலாவதியாவதும் உண்டு. நோயே இல்லாமல் இருப்பது நல்லதுதான் என்றாலும், பதிவு உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டுக்கொள்வதில் நட்டமில்லை.

இரண்டாம் படி: கம்யூனிட்டி சர்வீசஸ் அட்டை

1992-இல் நடைமுறைக்கு வந்த இந்த அட்டைதான் மற்ற பல உதவிகளின் திறவுகோல். முதன்மை உதவித்தொகை ஒன்றைப் பெறுகிறவருக்கு இது தானாகவே அனுப்பப்பட வேண்டும். வீட்டு வாடகைக்கான அக்கொமொடேஷன் சப்ளிமென்ட் பெறுவோரும் அரசு வீட்டுவசதியில் குடியிருப்போரும் 2018 டிசம்பர் முதல் இதற்குள் சேர்க்கப்பட்டார்கள். முகவரி மாறி அட்டை வந்துசேராமல் போவது அடிக்கடி நடப்பது. உதவித்தொகை கிடைக்கிறது, ஆனால் கையில் அட்டை இல்லை என்றால் 0800 999 999 என்ற எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

கணவன் மனைவி இருவரில் ஒருவருடைய அட்டையைக் காட்டி மற்றவர் சலுகை பெற முடியாது. ஒவ்வொருவருக்கும் தனி அட்டை வேண்டும். அட்டைக்குக் காலாவதித் தேதி உண்டு, மருத்துவ நிலையத்தின் கணினி அந்தத் தேதியைக் கவனித்துக்கொண்டிருக்கும். வேலை கிடைத்து உதவித்தொகை நின்றுவிட்டாலும் வருமானம் வரம்புக்குள் இருந்தால் தனியாக விண்ணப்பித்து அட்டையைத் தொடர்ந்து வைத்திருக்கலாம்.

நம் குடும்பங்களில் பலர் தவறவிடுவது பெற்றோரின் அட்டை. பெற்றோர் விசாவில் வந்து வதிவிட உரிமை பெற்ற அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அரசு உதவித்தொகை எதுவும் இல்லாமல் இருக்கலாம். அதனால் அட்டையும் கிடையாது என்று பிள்ளைகளே முடிவு கட்டிவிடுகிறார்கள். குறைந்த வருமானமுள்ளவர்கள் உதவித்தொகை பெறாமலே இந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், அதில் பார்க்கப்படுவது விண்ணப்பிக்கிறவரின் வருமானமும் அவருடைய துணைவரின் வருமானமும்தான். ஊரிலிருந்து வரும் ஓய்வூதியத்தையும் வாடகையையும் மறைக்காமல் எழுதி விண்ணப்பியுங்கள். பெரும்பாலும் அவை வரம்பைத் தொடுவதில்லை.

மூன்றாம் படி: மேசையில் என்ன சொல்வது

அட்டை பையில் இருப்பதால் மட்டும் கட்டணம் குறையாது. அதன் எண் உங்கள் மருத்துவக் கோப்பில் ஏறியிருக்க வேண்டும். முதல் வருகையிலேயே அட்டையைக் காட்டி, பதிவு செய்யச் சொல்லுங்கள். அட்டை உள்ள பெரியவர்களுக்கான கட்டண உச்சவரம்பு 2018 டிசம்பரில் தொடங்கியபோது 18 டாலர் 50 சென்ட்; பிறகு சிறிது சிறிதாக ஏறி இப்போது 20 டாலரை ஒட்டி நிற்கிறது. அட்டையுள்ளவரைச் சார்ந்த 14 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவு. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலான நிலையங்களில் கட்டணமே இல்லை; இதற்கு அட்டையும் தேவையில்லை.

இந்த உச்சவரம்பு நீங்கள் பதிந்துள்ள நிலையத்தில், வழக்கமான நேரத்தில், வழக்கமான நீளமுள்ள ஆலோசனைக்கே பொருந்தும். ஒரு சந்திப்பு என்பது பொதுவாகப் பதினைந்து நிமிடம். நம் பெரியவர்கள் காய்ச்சல், குடும்ப நலம், ஊர்க்கதை எல்லாவற்றையும் சொல்லி முடித்து, எழுந்து கதவருகே போன பின்னர்தான் ‘டாக்டர், நெஞ்சில் ஒரு வலி இருக்கிறது’ என்பார்கள். அங்கே இரண்டாவது சந்திப்பும் இரண்டாவது கட்டணமும் தொடங்குகின்றன. பெரிய தொல்லையை முதலில் சொல்லுங்கள். பேச நிறைய இருந்தால் முன்பதிவின்போதே நீண்ட சந்திப்புக்கு என்ன கட்டணம் என்று கேளுங்கள். வாகன ஓட்டுநர் உரிமத்துக்கான சான்றிதழ், குடிவரவு மருத்துவப் பரிசோதனை, சிறு அறுவைகள், இரவு நேர நிலையங்கள் ஆகியவற்றுக்கு உச்சவரம்பு காப்பு தராது.

மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதானா என்று ஐயமிருந்தால் ஹெல்த்லைன் 0800 611 116 என்ற எண்ணில் எந்நேரமும் செவிலியரிடம் இலவசமாகப் பேசலாம், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். இரத்த அழுத்தம் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது போன்றவற்றை நிலையத்துச் செவிலியரே செய்வார், அதற்குப் பெரும்பாலும் கட்டணம் குறைவு.

மருந்துச் செலவு

2023 ஜூலை 1-இல் மருந்துக் கட்டணம் எல்லோருக்கும் நீக்கப்பட்டு, 2024 ஜூலை 1-இல் மருந்து ஒன்றுக்கு 5 டாலர் என்று மீண்டும் கொண்டுவரப்பட்டது. ஆனால் கம்யூனிட்டி சர்வீசஸ் அட்டை உள்ளவர்கள், அவர்களைச் சார்ந்த 14 முதல் 17 வயதுப் பிள்ளைகள், 14 வயதுக்குட்பட்டோர், 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் ஆகியோருக்கு இந்த 5 டாலர் கிடையாது. அரசு மானியம் பெற்ற மருந்துகளுக்கே இது பொருந்தும். மருந்தகத்திலும் அட்டையைக் காட்டுங்கள், ஏனெனில் மருத்துவ நிலையத்தில் காட்டியது அங்கே தானாகத் தெரியும் என்று நம்பியிருக்கக் கூடாது. அட்டை இல்லாத குடும்பங்கள்கூட, பிப்ரவரி 1 முதல் அடுத்த ஜனவரி 31 வரையான கணக்கில் 20 மருந்துகளுக்குக் கட்டிவிட்டால், அந்த ஆண்டின் மீதிக் காலத்துக்குக் கட்ட வேண்டியதில்லை. வெவ்வேறு கடைகளில் வாங்கியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே குடும்பக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

நெடுநாள் மருந்து உட்கொள்பவர்களுக்கு மருந்தின் விலையைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்துச்சீட்டைப் புதுப்பிக்க நிலையம் வாங்கும் கட்டணமே பெரிதாக இருந்தது. 2026 பிப்ரவரி முதல், நிலைபெற்ற நோய்க்கு மருத்துவர் பொருத்தமென்று கருதினால் ஓராண்டுக்கான சீட்டை எழுதலாம். மருத்துவர் தாமாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேட்கலாம்.

அடிக்கடி போகிறவர்களுக்கு இன்னோர் அட்டை

தொடர்ந்திருக்கும் நோய்க்காகக் கடந்த 12 மாதத்தில் 12 முறையோ அதற்கு மேலோ மருத்துவரைப் பார்த்தவருக்கு ஹை யூஸ் ஹெல்த் அட்டை கிடைக்கும். இதற்கு வருமானக் கணக்கு இல்லை; விண்ணப்பத்தை மருத்துவ நிலையமே அனுப்ப வேண்டும். அட்டை அந்த ஒருவருக்கு மட்டும், ஓராண்டுக்கு மட்டும். வருமானம் சற்றே கூடியதால் கம்யூனிட்டி சர்வீசஸ் அட்டை கிடைக்காமல் போன நோயாளிக்கு இதுவே கைகொடுக்கும்.

முக்கியமான படி: டிஸெபிலிட்டி அலவன்ஸ்

இதன் பெயரே பலரை விலக்கிவிடுகிறது. ‘எனக்கு ஊனம் ஒன்றும் இல்லையே’ என்று ஒதுங்குகிறவர்களில் நீரிழிவு, ஆஸ்துமா, மூட்டுவாதம், மனச்சோர்வு உள்ளவர்கள் நிறையப் பேர். குறைந்தது ஆறு மாதம் நீடிக்கக்கூடிய உடல்நல அல்லது மனநலப் பாதிப்பு, அதனால் தொடர்ந்து ஏற்படும் கூடுதல் செலவு, வரம்புக்குட்பட்ட வருமானம் ஆகிய மூன்றும் இருந்தால் இதற்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப மருத்துவரிடம் திரும்பத் திரும்பப் போகும் கட்டணம், மருத்துவரைப் பார்க்கப் போய்வரும் பயணச் செலவு, மானியம் இல்லாத ஆனால் அவசியமான மருந்து, பாதச் சிகிச்சை, உளவள ஆலோசனை, நோயின் காரணமாக வீட்டை வெதுவெதுப்பாக வைக்கும் கூடுதல் மின்கட்டணம், அவசர அழைப்புக் கருவி ஆகியவை இதில் அடங்கும். உதவித்தொகையோடு சேர்த்து வாரந்தோறும் வரும் இத்தொகைக்கு வாரம் ஏறக்குறைய 80 டாலர் என்ற உச்சம் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 1-இல் அது மாறும்.

கணக்கு எப்படி வருகிறது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் பார்ப்போம். நீரிழிவு உள்ள ஒருவர் மாதம் ஒருமுறை 20 டாலர் கொடுத்து மருத்துவரைப் பார்க்கிறார்: ஆண்டுக்கு 240. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 60 டாலரில் பாதச் சிகிச்சை: இன்னொரு 240. நோயின் காரணமாகக் கூடுதலாக ஆகும் மின்கட்டணம் ஆண்டுக்கு 300 என்று ஏற்கப்படுகிறது. மொத்தம் 780, அதை 52 வாரத்தால் வகுத்தால் வாரம் 15 டாலர். ஒவ்வொரு செலவும் தனித்தனியே சிறியதாகத் தெரிவதால்தான் யாரும் கேட்பதில்லை.

விண்ணப்பப் படிவத்தின் ஒரு பகுதியை மருத்துவர் நிரப்ப வேண்டும். விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் அந்தப் பகுதியில்தான். நோயின் பெயரை மட்டும் எழுதி, ‘மருத்துவச் செலவு’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் அதிகாரிக்குக் கணக்கிட எதுவும் இருக்காது. எத்தனை நாளுக்கு ஒருமுறை வர வேண்டும், எந்த மருந்து எதற்காக, எந்தச் செலவு எந்த நோயால் வருகிறது என்று ஒவ்வொன்றாக எழுதப்பட வேண்டும். ஒருமுறை மொழிபெயர்ப்புக்காக ஒரு பெரியவருடன் போனபோது, அவர் ஓராண்டாகக் குளிர்காலத்தில் ஹீட்டரையே போடாமல் மூச்சிரைப்போடு இருந்திருக்கிறார் என்பது படிவத்தைப் பற்றிப் பேசும்போதுதான் மருத்துவருக்கே தெரிந்தது. ஆகவே போகும் முன் வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு தாளில் செலவுகளைப் பட்டியலிட்டு மருத்துவரின் மேசையில் வையுங்கள்.

ரசீதுகளை வைத்திருங்கள். தொலைத்துவிட்டால், ஓராண்டில் கட்டிய கட்டணங்களின் அறிக்கையை மருத்துவ நிலையமும் மருந்து விவரத்தை மருந்தகமும் அச்சிட்டுத் தரும். சமூக மேம்பாட்டு அமைச்சின் ‘மை எம்எஸ்டி’ இணையக் கணக்கு இருந்தால் ஆவணங்களைப் படமெடுத்தே அனுப்பலாம். பழைய செலவுகளைப் பின்னோக்கிப் பெறுவது கடினம் என்பதால், உதவித்தொகைகளை வழங்கும் அரசு அலுவலகமான வொர்க் அண்ட் இன்கமை, அதாவது நம்மவர் பேச்சில் ‘வின்ஸை’, முதலில் தொடர்புகொண்ட நாளையும் பேசியவரின் பெயரையும் குறித்துவைத்து, படிவத்தைத் தாமதமின்றிக் கொடுத்துவிடுங்கள். அதன் எண் 0800 559 009, 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு 0800 552 002. செலவு கூடினால் தொகையை மறுபடி கணக்கிடச் சொல்லலாம். குறைந்தாலும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் கூடுதலாக வந்தது பின்னர் கடனாகத் திரும்பும்.

நோயுள்ள பிள்ளைக்காக இருக்கும் சைல்ட் டிஸெபிலிட்டி அலவன்ஸ் வேறு. அதற்கு வருமானக் கணக்கு இல்லை. இவையெல்லாம் பெற்ற பிறகும் அத்தியாவசியச் செலவுக்குப் பணம் போதவில்லையென்றால் டெம்பரரி அடிஷனல் சப்போர்ட் என்பதைக் கேளுங்கள். அது அதிகபட்சம் 13 வாரத்துக்கு வழங்கப்படும், முடிந்ததும் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

திடீரென வரும் ஒருமுறைச் செலவு

இங்கே ஒரே விதி: பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். கடன் வாங்கிக் கட்டிவிட்டு ரசீதோடு போனால், தேவை தீர்ந்துவிட்டது என்று பதில் வரலாம். சிகிச்சைக்கான செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொண்டு வின்ஸை அழையுங்கள். உதவி இரு வகைப்படும்: திருப்பிச் செலுத்த வேண்டாத மானியம் ஒன்று, உதவித்தொகையிலிருந்து வாரந்தோறும் பிடித்துக்கொள்ளப்படும் முன்பணம் மற்றொன்று. எது உங்களுக்குக் கொடுக்கப்படுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே சம்மதியுங்கள்.

பல் சிகிச்சைக்கு இது மிகவும் உதவும். 18 வயது வரை அடிப்படைப் பல் சிகிச்சை இலவசம். அதற்குப் பிறகு முழுச் செலவும் நம்முடையது. உடனடியாகத் தேவைப்படும் அவசியமான பல் சிகிச்சைக்கு, 2022 டிசம்பர் முதல் ஆண்டுக்கு 1,000 டாலர் வரை திருப்பிச் செலுத்த வேண்டாத மானியம் உண்டு. அதற்கு முன் அது 300 டாலராக இருந்தது. கண்ணாடியைப் பொறுத்தவரை, அட்டையுள்ள குடும்பத்தின் 15 வயது வரையான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 287 டாலர் 50 சென்ட் வரை மானியம் கிடைக்கும். அதைக் கண்ணாடிக் கடையிலேயே கேட்கலாம்.

தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு ஒரு சிறப்பு மருத்துவர் இன்னொரு சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினால், நேஷனல் டிராவல் அசிஸ்டன்ஸ் திட்டத்தில் பயணச் செலவைக் கேட்கலாம். கம்யூனிட்டி சர்வீசஸ் அட்டை வைத்திருக்கும் பெரியவருக்கு ஒருவழித் தொலைவு 80 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் போதும். அனுப்பும் மருத்துவரின் அலுவலகத்திலேயே படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

விபத்தில் ஏற்பட்ட காயம் என்றால்

படியில் சறுக்கியது, சமையலில் கை வெந்தது, வேலையில் முதுகு பிடித்தது எதுவானாலும் ‘இது விபத்தால் வந்தது’ என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். 1974 முதல் இயங்கிவரும் விபத்து இழப்பீட்டுத் திட்டமான ஏசிசி, யாருடைய தவறு என்று பார்க்காமல் சிகிச்சைச் செலவில் பெரும்பங்கை ஏற்கும். மருத்துவரே விண்ணப்பத்தை அனுப்பிவிடுவார். நீங்கள் கட்டுவது மீதத் தொகையை மட்டுமே. ‘முதுகு வலிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் அது நோயாகப் பதிவாகிவிடும்.

கட்ட முடியாமல் பாக்கி விழுந்தால்

பாக்கிக்குப் பயந்து மருத்துவரிடம் போகாமல் இருப்பதுதான் மிகப் பெரிய செலவில் முடிகிறது. நிலையத்தின் கணக்குப் பிரிவோடு பேசி, வாரம் 5 அல்லது 10 டாலராகக் கட்டும் ஏற்பாட்டை எழுத்தில் பெறுங்கள். பேசாமல் விட்டால் பாக்கி வசூல் நிறுவனத்திடம் போகும், அவர்களுடைய கட்டணமும் மேலே ஏறும்.

உதவித்தொகைக்காக வேறொரு மருத்துவரிடம் பரிசோதனை செய்துவருமாறு வின்ஸே அனுப்பினால், அந்த மருத்துவரின் கட்டணத்தை அவர்களே ஏற்க வேண்டும்.

மொழியும் மறுப்பும்

மருத்துவரிடம் பேசும்போது மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது, நியூசிலாந்தில் 1996 முதல் இருக்கும் நோயாளர் உரிமைக் கோவையில் சொல்லப்பட்ட உரிமை. வின்ஸிலும் கட்டணமின்றிக் கேட்கலாம். பத்து வயதுப் பேரனை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைத்துத் தாத்தாவின் சிறுநீர்க் கோளாறை விளக்கச் சொல்வது இருவருக்கும் கொடுமை. முன்பதிவு செய்யும்போதே ‘தமிழ்’ என்று சொல்லிவிடுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப்போகவும் உங்களுக்கு உரிமை உண்டு.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், வாய்மொழியாகச் சொன்னதோடு விட்டுவிடாமல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபரிசீலனை கோரலாம். முதலில் அலுவலகமே முடிவை மீண்டும் பார்க்கும். மாறவில்லையென்றால் பெனிஃபிட்ஸ் ரிவ்யூ கமிட்டி முன் போகும், அதற்கும் மேலே சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு ஆணையம் இருக்கிறது. மறுபரிசீலனைக்குக் கட்டணம் இல்லை. படிவத்தை எழுத சிட்டிசன்ஸ் அட்வைஸ் பியூரோ 0800 367 222 என்ற எண்ணிலும், கம்யூனிட்டி லா மையங்களிலும் இலவசமாக உதவுவார்கள். போகும்போது மறுப்புக் கடிதத்தையும், அது உங்கள் கைக்கு வந்த தேதியை அதன் மேல் எழுதி, மருத்துவர் நிரப்பிய பகுதியின் நகலையும் கொண்டுபோங்கள்.